எட்டுப் புள்ளி என்று நான் சொன்னது

2018 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதுரையில் நான் போய்வந்துகொண்டிருந்த ரைஃபிள் கிளப் வாசலில், டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, பதினேழு வயதுப் பையன் ஒருவனிடம் ஒரு பொய் சொன்னேன். "புதுக் கட்டை மாட்டுனதுக்கு அப்புறம் எட்டுப் புள்ளி ஏறிருச்சு தம்பி" என்றேன். அவன் அதை நம்பினான். அவனுடைய அப்பாவும் அம்மாவும் நம்பினார்கள். சாத்தூர்ப் பக்கத்துப் பட்டாசு ஆலை ஒன்றில் வேலை பார்க்கும் குடும்பம் அது. என் வாயிலிருந்து வந்த அந்த ஒரு வாக்கியத்தை நம்பி அவர்கள் 68,000 ரூபாய் புரட்டினார்கள்.

அந்தக் குடும்பம் இன்றைக்கும் என்னை நல்லவன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. அதைத் தாங்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

நான் சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் மேற்பார்வை வேலை பார்ப்பவன். நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் துப்பாக்கி சுடுதலுக்குள் வந்தேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் துப்பாக்கி என்றால் முதலில் சுருள் கேப்தான். இங்கேயே செய்து இங்கேயே வெடிப்பது. அதற்கு அடுத்தது விருதுநகர் பங்குனிப் பொங்கலில் பலூன் சுடுகிற கடை. அந்த ஆசை உள்ளுக்குள் கிடந்து, 2016-இல் ஒரு நண்பர் கிளப்புக்கு அழைத்துப் போனபோது பற்றிக்கொண்டது. பத்து மீட்டர் ஏர் ரைஃபிள். 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத துளையும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம் என்பது 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் இருக்கிறது. அதனால் வீட்டிலும் பெரிய எதிர்ப்பு இல்லை. ஞாயிறு விடியற்காலையில் திருத்தங்கல், ஆமத்தூர், விருதுநகர் வழியாக பஸ் பிடித்துப் போய், மாலையில் திரும்புவேன். சேமிப்பு, அச்சகத்தின் தீபாவளி போனஸ் எல்லாம் சேர்த்து, பழைய ரைஃபிள் ஒன்றும் வாங்கினேன். மரக் கட்டை போட்டது.

துப்பாக்கி பழகாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லவேண்டும். கட்டை என்று நாங்கள் சொல்வது ஸ்டாக். குழலையும் விசையையும் தாங்கி, சுடுபவனின் தோள், கன்னம், கை எல்லாவற்றோடும் ரைஃபிளை இணைக்கிற உடம்பு அது. பத்து மீட்டர் தூரத்தில் இருக்கும் அட்டையில் பத்துப் புள்ளிக்கு உரிய நடுப்பொட்டின் அகலம் அரை மில்லிமீட்டர். அச்சுத் தொழிலில் இருப்பவனுக்கு அரை மில்லிமீட்டர் என்றால் என்ன என்று தெரியும். நான்கு வண்ணத்தில் ஒரு வண்ணம் அவ்வளவு நகர்ந்தால் ரிஜிஸ்டர் போய்விடும், காலண்டரில் இருக்கும் அம்மன் முகம் இரண்டாகத் தெரியும். நின்றுகொண்டே 75 நிமிடத்துக்குள் அறுபது குண்டு சுட வேண்டும். ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9, மொத்தம் 654. ரைஃபிளின் எடை ஐந்தரை கிலோவைத் தாண்டக் கூடாது. அந்த ஐந்தரை கிலோவைத் தசை தாங்கினால் நாற்பதாவது குண்டிலேயே கை நடுங்கத் தொடங்கும். எலும்பு தாங்கினால் நடுங்காது. இடது முழங்கை இடுப்பெலும்பில் ஊன்றி, முதுகு சற்றுப் பின்சாய்ந்து, எடை எலும்பு வழியாகக் காலுக்கு இறங்க வேண்டும். கட்டையின் நீளம், பின்தட்டு தோளில் உட்காரும் உயரம், கன்னம் பதிகிற மேடு, இந்த மூன்றும் உடம்புக்குப் பொருந்தினால்தான் அது நடக்கும்.

எனக்குப் பொருந்தவில்லை. என் கழுத்து நீளம். கன்னமேடு தாழ்வாக இருந்தது. தலையைக் குனிந்து தேடித்தான் பின்பக்கத் துளை வழியாகப் பார்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் தலை ஒவ்வொரு விதமாக விழும். கண் துளையின் நடுவில் இல்லாவிட்டால், குறி சரியாக இருப்பதுபோலத் தோன்றினாலும் குண்டு வேறு எங்கோ போகும். 2017 முழுவதும் என் சராசரி 578.

2018 ஜனவரியில் விருதுநகரில் ஓர் ஆசாரியிடம் போனேன். கதவு, நிலை, தொட்டில் என்று வேலை செய்பவர். துப்பாக்கியைக் கையால் தொட்டதே இல்லை என்றார். என்னை நிற்கச் சொன்னார். ரைஃபிளைத் தோளில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, எப்படி வசதியாக இருக்கிறதோ அப்படித் தலையைச் சாய்க்கச் சொன்னார். அப்புறம் கண்ணைத் திறக்கச் சொல்லி, "ஓட்டை தெரியுதா?" என்று கேட்டார். ஓட்டைக்குக் கீழே ஒரு விரல்கடை தூரத்தில் இருந்தது என் கண். பென்சிலால் கன்னத்தருகில் கோடு போட்டுக்கொண்டார். ஒரு வாகைத் துண்டை எடுத்து இழைத்து, மறுபடி மறுபடி என் கன்னத்தில் வைத்துப் பார்த்து, மாலைக்குள் இரண்டு திருகாணியில் பொருத்திக் கொடுத்தார். 600 ரூபாய் வாங்கினார். உலகம் முழுவதும் பயிற்சியாளர்கள் சொல்லித் தருகிற சோதனையை, கண்ணை மூடி நின்று உடம்பு தானாக எங்கே போகிறது என்று பார்ப்பதை, அவர் தன் புத்தியிலிருந்தே எடுத்தார். அதை நான் அன்றைக்குக் கவனிக்கவில்லை. மரத்துண்டு என்று மட்டும் பார்த்தேன்.

பிப்ரவரியில் என் சராசரி 584 ஆயிற்று. ஆறு புள்ளி. என் டைரியில் இருக்கிறது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கிளப்பில் வெளிநாட்டு அலுமினியக் கட்டை போட்டவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். எல்லாப் பக்கமும் திருகாணி, எல்லாப் பக்கமும் அளவுக் கோடு. பின்தட்டு மேலேயும் கீழேயும் போகும், சாயும், திரும்பும். கைப்பிடியை முன்னும் பின்னும் நகர்த்தலாம். அதன் பக்கத்தில் என் ரைஃபிள், ஆசாரி வைத்த ஒட்டோடு, எனக்கே அசிங்கமாகத் தெரிந்தது. யாரோ ஒருவர் "என்ன அண்ணாச்சி, கட்டில் காலா?" என்று கேட்டார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். நான் அன்றிரவு தூங்கவில்லை.

அபினவ் பிந்த்ரா தன் கதையைச் சொல்லும் நூல் 2011-இல் வந்தது. கருவிகளை விடாமல் நோண்டிக்கொண்டே இருந்தவர் அவர். 2008 ஆகஸ்ட் 11 அன்று பெய்ஜிங்கில் கடைசிக் குண்டு 10.8 சுட்டு, மொத்தம் 700.5 எடுத்துத் தங்கம் வாங்கிய மனிதரே இத்தனை திருகாணியைத் திருகியிருக்கிறார் என்றால் நாம் திருகுவதில் என்ன தப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் எத்தனை ஆண்டு, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நின்றார் என்ற பகுதியை வசதியாக விட்டுவிட்டேன். நான் நின்றது வாரத்தில் ஒரு நாள். வீட்டில் குண்டில்லாமல் பழகச் சொல்லியிருந்தார் பயிற்சியாளர். சுவரில் ஒரு புள்ளி வைத்து, தினமும் இருபது நிமிடம். மாதத்தில் ஐந்து நாள்கூடச் செய்ததில்லை. செலவில்லாத வேலை அது. செலவில்லாததால் அதில் எனக்கு மரியாதை இல்லை.

மார்ச்சில் ஏலச் சீட்டு எடுத்தேன். மேல்தளத்துக்கு ஓடு பதிக்க என்று வீட்டில் பேசி வைத்திருந்த பணம். 94,000 ரூபாய்க்குக் கட்டை வந்து இறங்கியது. மனைவியிடம் 30,000 என்றேன். அது முதல் பொய். ஓடு பதிப்பது அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போனது; அந்த ஐப்பசி மழைக்கு அடுப்படி ஓரத்தில் தண்ணீர் இறங்கியது. சட்டி வைத்துப் பிடித்தாள். அவளாக ஒன்றும் கேட்கவில்லை.

புதுக் கட்டையில் ஏப்ரல் சராசரி 571. பழைய நிலை போய், புது நிலை வராமல் தவித்தேன். எத்தனை திருகாணி இருக்கிறதோ அத்தனை தப்பு செய்ய இடம் இருக்கிறது. ஒரு குண்டு எட்டுக்குப் போனால் உடனே பின்தட்டை ஒரு கோடு ஏற்றுவேன். அடுத்தது ஒன்பதுக்குப் போனால் இறக்குவேன். என் கால் நகர்ந்ததா, மூச்சைச் சரியாக விட்டேனா என்று பார்க்கவே மாட்டேன். மே மாதம் 579. ஜூன், ஜூலை சேர்த்து 585. அதாவது ஆசாரியின் 600 ரூபாய் மரத்துண்டோடு எடுத்த 584-க்கு மேல் ஒரே ஒரு புள்ளி. அந்த ஒரு புள்ளியும் கட்டையால் வந்ததா, இரண்டு மாதம் பயந்துபோய்க் கொஞ்சம் ஒழுங்காகப் பயிற்சி செய்ததால் வந்ததா என்று என்னால் பிரிக்க முடியாது.

இப்போது அந்தப் பையன்.

பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு. என்.சி.சி. முகாமில் பாயிண்ட் டூ டூ ரைஃபிளைச் சுட்டபோது அவனிடம் ஏதோ இருக்கிறது என்று அங்கே இருந்த அதிகாரி கண்டுபிடித்து, கிளப்புக்கு அனுப்பி வைத்தார். கல்லூரியின் பழைய மாணவர்கள் சேர்ந்து பழைய ஏர் ரைஃபிள் ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். அம்மா சரம் பின்னுகிறவர். அப்பா மருந்து செலுத்தும் அறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பஸ் காசுக்கும் ஒரு டின் பெல்லட்டுக்கும் அவன் வாரம் முழுவதும் கணக்குப் போடுவான். ஒரு டின்னில் 500 இருக்கும். ஒன்றைக்கூட வீணாக்க மாட்டான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் அந்த மார்ச்சில் சிட்னியில் ஜூனியர் உலகக் கோப்பைத் தங்கம் வாங்கியிருந்தார். பேப்பரில் வந்த அந்தப் படத்தை வெட்டி, தன் ரைஃபிள் பெட்டியின் உள்மூடியில் ஒட்டி வைத்திருந்தான்.

அவனுடைய ரைஃபிளிலும் கன்னமேடு தாழ்வு. என்னிடம் வந்து, "அண்ணாச்சி, ஒங்க பிரஸ்ல கெட்டி அட்டை கெடைக்குமா?" என்று கேட்டான். முந்தின வருடத்துக் காலண்டர் அட்டை நான்கு கொண்டுவந்து கொடுத்தேன். ஒன்றின்மேல் ஒன்றாக வெட்டி வைத்து, துணி டேப் சுற்றி, கன்னத்துக்கு ஏற்றபடி ஓரத்தைச் சாய்த்துக்கொண்டான். ஒரு வாரம் நான்கு அட்டை, அடுத்த வாரம் மூன்று, அப்புறம் மூன்றரை. ஒவ்வொரு மாற்றத்தையும் நோட்டில் எழுதினான். ஒரே நேரத்தில் இரண்டை மாற்ற மாட்டான். ஜூலையில் அவன் சராசரி 603.

அவன் நிற்பதைப் பக்கத்துத் தடத்திலிருந்து நான் பார்த்திருக்கிறேன். ரைஃபிளைத் தூக்கினால் தலை நிமிர்ந்தபடியே இருக்கும். கன்னம் போய் உட்காரும், அவ்வளவுதான். தேட வேண்டியதே இல்லை. அந்தக் கட்டை அவனுக்குப் பொருந்திவிட்டது. தொடக்கூடாது. இது எனக்குத் தெரியும். தெரியாமல் சொல்லியிருந்தால் இதை எழுதவே வேண்டாம்.

அந்த ஞாயிறு, ஐந்தாறு பேர் நின்றுகொண்டிருந்தோம். அவன் கேட்டான்: "அண்ணாச்சி, இந்தக் கட்டை போட்டா நெசமாவே ஸ்கோர் ஏறுமா? அப்பா கேக்கச் சொன்னாரு." ஒரு வினாடி எனக்கு உண்மை நாக்கு நுனிக்கு வந்தது. ஆனால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஒரு புள்ளி" என்று சொன்னால், 94,000 ரூபாயைக் கொண்டுபோய்க் கொட்டிய ஆள் என்று ஆகிவிடும். 578-இல் இருந்தேன், இப்போது 586 அடிக்கிறேன் என்றேன். இரண்டு எண்ணும் என் டைரியில் இருந்தவைதான். முந்தின வாரம் ஒரு தடவை 586 அடித்திருந்தேன். நடுவில் ஆசாரியை எடுத்துவிட்டேன். அதனால்தான் அந்தப் பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. முழுக்க இட்டுக்கட்டியிருந்தால் தடுமாறியிருப்பேன்.

"ஒனக்குப் பதினஞ்சு கூட ஏறும்" என்றும் சேர்த்துச் சொன்னேன். அதை யாரும் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன்.

அவன் அப்பா போனில் கூப்பிட்டார். "பையன் ஆசைப்படுறான். நீங்க போட்டுப் பாத்தவுக. வாங்கிருவோமா அண்ணாச்சி?" அப்போதும் சொல்லியிருக்கலாம். "நல்ல சாமான்தான், காசுக்கு மோசம் போகாது" என்றேன். 68,000 ரூபாயில், அம்மாவின் கம்மலையும் சங்கிலியையும் அடகு வைத்து வந்தது 20,000. மீதி 48,000 மகளிர் குழுக் கடன். வாரத் தவணை.

ஆகஸ்டில் கட்டை வந்தது. அந்த ஆண்டுப் போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. மூன்று வாரத்தில் புதுக் கட்டைக்கு உடம்பு பழகாது. குறைந்தது மூன்று நான்கு மாதம் வேண்டும். போட்டிக்கு முன் எதையும் மாற்றாதே என்பது இந்த விளையாட்டில் அரிச்சுவடி. பயிற்சியாளர் அந்த மாதம் ஊரில் இல்லை. நான் இருந்தேன். நான்தான் திருகாணிகளை வைத்துக் கொடுத்தேன், என் உடம்புக்கு ஏற்ற அளவுகளிலிருந்து தொடங்கி. காலண்டர் அட்டையைக் கழற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டதும் நான்தான்.

போட்டியில் அவன் 589 எடுத்தான். தேர்வு கைவிட்டுப் போயிற்று.

இதை எழுதக் கை கூசுகிறது. அன்று சாயங்காலம் ஸ்கோர் பலகையில் அவன் பெயரைக் கீழே பார்த்தபோது, எனக்குள் ஏதோ ஒன்று தளர்ந்தது, இறுகக் கட்டியிருந்த கயிறு அவிழ்ந்ததுபோல. என்னைவிடப் பதினெட்டுப் புள்ளி மேலே இருந்தவன், காலண்டர் அட்டை வைத்துச் சுட்டவன், இப்போது என் பக்கத்தில் வந்துவிட்டான். அவன் சறுக்க வேண்டும் என்று திட்டம் போட்டேனா? இல்லை. சறுக்கியபோது வருந்தினேனா? மறுநாள்தான் வருந்தினேன். அந்த ஒரு இரவு எனக்கும் என் மனசுக்கும் மட்டும் தெரிந்தது.

அக்டோபர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. பசுமைப் பட்டாசு மட்டும்தான், பேரியம் கூடாது, சரவெடி கூடாது. அந்தத் தீர்ப்பின் நியாயத்தை இங்கே பேச வரவில்லை. நவம்பர் 6 தீபாவளி முடிந்து வழக்கமாக மூடுகிற ஆலைகள், அந்த வருடம் வழக்கம்போலத் திறக்கவில்லை. பேரியம் இல்லாமல் எதைச் செய்வது என்று உற்பத்தியாளர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள். டிசம்பர் போயிற்று, பொங்கல் போயிற்று, சிவகாசி பஸ் ஸ்டாண்டில் விடியற்காலை ஆலை வண்டிக்கு நிற்கும் கூட்டத்தைக் காணவில்லை. எங்கள் அச்சகத்திலேயே பட்டாசுப் பெட்டி லேபிள் வேலை நின்று, இரண்டு மிஷின் சும்மா கிடந்தது. சரம் பின்னுகிற பெண்ணுக்குச் சரமே இல்லை என்றால் என்ன கூலி? ஆனால் குழுக் கடனுக்கு வாரம் தவறாது. வியாழக்கிழமை காலையில் வசூல்காரர் வந்து உட்கார்ந்துவிடுவார். ஒருவர் கட்டாவிட்டால் குழுவில் இருக்கும் மற்ற பெண்கள் எழுந்திருக்க முடியாது. அந்தப் பெண்கள் ஏசியதை அவன் அம்மா என்னிடம் சொல்லவில்லை. விருதுநகர் பஸ்ஸில் ஒருநாள் அவன்தான் சொன்னான். சொல்லும்போது வெளியே பார்த்துக்கொண்டு சொன்னான். "கட்டை மேல தப்பில்ல அண்ணாச்சி, எனக்குத்தான் ஒடம்பு வசப்படல" என்றான்.

என்னால் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. பதில் என் டைரியில் இருந்தது.

டிசம்பரிலிருந்து அவன் கிளப்புக்கு வரவில்லை.

2019 பிப்ரவரியில் என் கட்டையை விற்றேன். 51,000 கிடைத்தது. மேலே 17,000 போட்டு, அவர்கள் வீட்டுக்குப் போனேன். "எனக்கு இன்னொண்ணு தேவைப்படுது, அதே விலைக்கு எடுத்துக்கிறேன்" என்றேன். இரண்டாவது பொய்யைக் கழுவ மூன்றாவது பொய். அவன் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒங்களுக்கு எதுக்கு அண்ணே இது? எங்களுக்காகத்தான வாங்குறீக" என்றார். அப்பா கையைப் பிடித்துக்கொண்டார். காப்பி போட்டுக் கொடுத்தார்கள். அந்த வீட்டுப் பாலை அந்த மாதத்தில் குடித்ததை நினைத்தால் இன்னும் தொண்டையில் நிற்கிறது. அப்போது சொல்லியிருக்க வேண்டும். பணத்தைக் கொடுத்துவிட்டோம், கணக்குத் தீர்ந்தது என்று எழுந்து வந்துவிட்டேன். மூழ்கிப்போன அடகுச் சங்கிலிக்கும், பையன் இழந்த ஒரு வருடத்துக்கும் கணக்கே இல்லை.

ரைஃபிளைக் கல்லூரியில் திருப்பிக் கொடுத்துவிட்டான். படிப்பை முடித்து ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். பொங்கலுக்கு ஊருக்கு வந்தால் என்னைப் பார்க்காமல் போக மாட்டான்.

கட்டையை மாற்றுவது காசுக்குத் தகுமா என்று இப்போதும் கிளப்பில் புதிதாக வருகிறவர்கள் என்னைத்தான் கேட்கிறார்கள். ஆண்டுக்கணக்காக நழுவிக்கொண்டிருந்தேன். தெரிந்ததை இங்கே எழுதிவிடுகிறேன்.

சிலருக்குத் தகும். இடது கைக்காரர்கள், கை மிகக் குட்டையானவர்கள், மிக நீளமானவர்கள், இருக்கிற கட்டையில் எல்லாத் திருகாணியையும் கடைசி வரை திருகிப் பார்த்தும் தலை நிமிராதவர்கள். தினமும் நிற்கிறவர்கள். தங்கள் நோட்டைப் பார்த்து, என் உடம்பு இந்த இடத்தில் வந்து முட்டுகிறது, இந்தக் கட்டையில் இதற்கு மேல் இடமில்லை என்று காட்டத் தெரிந்தவர்கள். உச்சத்தில் சுடுகிறவர்களுக்கு 0.1 கூடப் பதக்கத்தை மாற்றும். அவர்கள் ஒரு கோடு நகர்த்தினால் அதற்குப் பின்னால் ஆயிரம் குண்டு இருக்கும். மரம் ஈரத்துக்கு ஊதும், காய்ந்தால் சுருங்கும் என்பதும் உண்மை. அச்சகத்தில் காகிதம் படுத்தும் பாட்டைப் பார்த்த எனக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அலுமினியத்துக்கு அந்தத் தொல்லை குறைவு. அதிர்வு அதிகமுள்ள பெரிய ரைஃபிள்களில் இயந்திரம் கட்டையில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதே குண்டின் போக்கை மாற்றும். ஏர் ரைஃபிளில் அது பெரிய விஷயம் இல்லை. நம்மைப் போன்றவர்களின் குண்டு பத்தை விட்டு ஒன்பதுக்குப் போவதற்குக் காரணம் உலோகமோ மரமோ அல்ல.

வளர்கிற வயதுப் பிள்ளைக்கு, பதினேழு வயதுக்கு, வேண்டாம். இந்த வருடத் தோள் அடுத்த வருடம் இருக்காது. அட்டை, டேப், ஒரு துண்டு மரம் போதும். அந்தப் பையனுக்கு ஒரு ஞாயிற்றுக்கு பஸ், பெல்லட், கிளப் கட்டணம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 400 ரூபாய் ஆனது. 68,000 ரூபாய்க்கு 170 ஞாயிறுகள். மூன்று வருடத்துக்கு மேல். அந்தக் கணக்கை அன்றைக்கு டீ கிளாஸை வைத்துவிட்டு ஒரு நிமிடத்தில் போட்டுக் காட்டியிருக்கலாம்.

மனைவியிடம் 94,000 என்பதைப் போன மாதம் சொன்னேன். "அப்பவே தெரியும், சீட்டுக்காரம்மா சொல்லிட்டாங்க" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

விருதுநகர் ஆசாரியைத் தேடிப் போனேன். அவர் வைத்துக் கொடுத்த வாகைத் துண்டைப் பழைய கட்டையோடு நான் இன்னும் வைத்திருக்கிறேன். இப்போது அதில்தான் சுடுகிறேன். ஆறு புள்ளி அவருடையது என்று அவரிடமே சொன்னேன். அவருக்கு ஸ்கோர் விவரம் புரியவில்லை. "கழுத்து வலி போச்சா?" என்று மட்டும் கேட்டார். போயிற்று என்றேன்.

தம்பி, இது உன் கண்ணில் படும் என்று எனக்குத் தெரியும். நானே உனக்கு அனுப்பப் போகிறேன், அப்பாவுக்கும் படித்துக் காட்டு. உடம்பு வசப்படாமல் போனதற்குக் காரணம் நீ அல்ல. 603 நீ அட்டையோடு எடுத்தது. அதை மாற்றச் சொன்னவன் நான், பொருந்திவிட்டது என்று தெரிந்தே சொன்னேன். அடகுச் சங்கிலியின் மதிப்பு என் கடன். அதை இந்தப் பொங்கலுக்குக் கொண்டுவருகிறேன், வேண்டாம் என்று சொல்லாதே.

2018-ஆம் வருட டைரியைக் கிளப் அலமாரியில் வைத்திருக்கிறேன். பிப்ரவரி, ஏப்ரல், ஜூலை மூன்று மாதத்துக்கும் துண்டுக் காகிதம் செருகியிருக்கிறது. புதிதாக யார் கட்டை வாங்கக் கேட்டாலும் அதை எடுத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.